ஓய்வெடுத்த பிறகு எந்தச் செலவு குறையும், எது கூடும்? மலையகத்துக்குப் பொருந்தும் கணக்கு

கணக்குப்புத்தகம் (இழையைத் தொடங்கியவர்)

அறுபது வயதில் மாதம் 50,000 ரூபாய் செலவழிக்கும் குடும்பம் எண்பதிலும் அதே சாமான்களுக்கு அதே அளவு செலவழிக்கும், விலைவாசியை மட்டும் ஏற்றிக்கொண்டால் போதும் என்று வைத்துத்தான் ஓய்வுக்காலக் கணக்கு அட்டவணைகள் போடப்படுகின்றன. மனிதர் அப்படிச் செலவழிப்பதில்லை. ஆசைகளுக்கும் வயதாகிறது.

அமெரிக்காவில் டேவிட் பிளான்செட் 2014 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஓய்வுபெற்ற குடும்பங்களின் செலவு வருடா வருடம் கொஞ்சமாகக் குறைந்து வந்து, கடைசிக் காலத்தில் வைத்தியச் செலவால் மறுபடி ஏறுகிறது. அதற்கு முன்பே 2005 இல் மார்க் அகியாரும் எரிக் ஹர்ஸ்டும் இன்னொன்றைச் சொன்னார்கள். ஓய்வானதும் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு குறைகிறது, ஆனால் சாப்பாடு மோசமாவதில்லை. கையில் நேரம் இருப்பதால் விலை பார்த்து வாங்குகிறார்கள், வீட்டில் சமைக்கிறார்கள்.

இவை அங்கத்தைய கணக்குகள். அங்கே பெரும்பாலானோருக்குச் சாகும்வரை மாதாமாதம் சமூகப் பாதுகாப்புப் பணம் வருகிறது. இலங்கையில் நம்முடைய தேயிலைத் தோட்டப் பகுதியில் வருவது ஒரே தடவை, மொத்தமாக: சேமலாப நிதி (ஈபிஎப்), நம்பிக்கை நிதி (ஈடிஎப்), சேவைக்காலப் பணம் (கிராஜுவிட்டி). தனக்கென்று பொருள் வாங்கும் ஆசை தணிந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆசை உச்சத்தில் நிற்கும் வயதில் அந்தக் காசு கைக்கு வருகிறது. ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. வயதானவர் தன் வயிற்றுக்கும் உடம்புக்கும் செலவழித்து நொடிந்துபோவது அபூர்வம். எந்த வயதில் எது கூடுகிறது, எது குறைகிறது, காசை எப்படிப் பிரிப்பது என்று விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பிரட்டுக்களம்

முதலில் கைக்கு என்ன வரும் என்ற கணக்கு.

சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி. தொழிலாளியிடம் குறைந்தது 8 வீதம், தொழில் கொடுப்பவரிடம் 12 வீதம். நம்பிக்கை நிதி தனியாக 3 வீதம், அது முழுக்கத் தொழில் கொடுப்பவர் பங்கு. சேமலாப நிதியை ஆண்கள் 55 இலும் பெண்கள் 50 இலும் எடுக்கலாம். உரித்து வந்துவிட்டது என்பதற்காக அன்றைக்கே எடுக்க வேண்டும் என்றில்லை. ஐம்பதில் எடுக்கும் பெண்ணுக்கு அதற்குப் பிறகு முப்பது வருடம் கிடக்கிறது. நிதியில் கிடந்தால் வருடா வருடம் வட்டி சேரும், யாரும் கேட்டு வரவும் முடியாது.

சேவைக்காலப் பணம் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். நாள் ஒன்றுக்கு 1350 என்று வைத்தால் 14 நாளுக்கு 18,900. முப்பது வருடத்துக்கு 567,000. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் தாமதத்துக்கு ஏற்ப 30 வீதம் வரை மேலதிகத் தொகை உண்டு. அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. தொழில் காரியாலயத்தில் எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள்.

சிக்கல் வருவது பெயரில். செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவில்) 'முத்தம்மா', அடையாள அட்டையில் 'முத்துமாரி', பிறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று, அல்லது சான்றிதழே கிடையாது. சேமலாப நிதியின் பி அட்டையும் (அங்கத்தவர் அட்டை) அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால், காசு கேட்டுக் கொடுக்கும் கே படிவம் திரும்பி வரும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே தோட்டக் காரியாலயம் மூலம் திருத்துவது சுலபம். வேலையை விட்ட பிறகு சத்தியக்கடதாசி, கிராம சேவகர் கடிதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இடையில் கைக்காசுக்கு வேலை செய்த காலம் பதிவில் ஏறாமல் இருந்தால் அந்த வருடங்களும் சேவைக்காலத்தில் விடுபட்டுப் போகின்றன. பழைய சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள்.

கேத்தல்

பிரட்டுக்களம் அண்ணன் வரவை எழுதிவிட்டார். நான் வீட்டுச் செலவை எழுதுகிறேன்.

சாப்பாட்டில் அளவு குறையும், வகை மாறும். பல் போனதும் கோதுமை ரொட்டி தொண்டையில் இறங்காது, கருவாடும் இறைச்சியும் தானாகக் குறையும். அந்த இடத்துக்கு இடியாப்பம், கஞ்சி, முட்டை, பருப்பு, வாழைப்பழம், பால்மா வரும். இரண்டு பேர் நாளுக்கு இரண்டு தடவை பால் தேத்தண்ணி குடித்தால், கோப்பைக்கு 10 கிராம் வீதம் நாளுக்கு 40 கிராம். 400 கிராம் பக்கெட் பத்து நாள், மாதம் மூன்று பக்கெட். வைத்தியர் இரவில் ஒரு தம்ளர் பால் குடிக்கச் சொன்னால் அது இரண்டு மடங்கைத் தாண்டும். இதைத் தவிர்க்கக் கூடாது. வயதானவர்கள் காசு மிச்சம் பிடிக்க முதலில் கை வைப்பது முட்டையிலும் பாலிலும்தான். தசை வற்றிக் கால் தள்ளாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடுவது சூடு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், ஹட்டன், தலவாக்கலை பக்கமும் காலையில் தண்ணீர் கையை வெட்டும். நாற்பதில் பச்சைத் தண்ணீரில் குளித்தவர் எழுபதில் முடியாது. உடனடிச் சுடுநீர் ஷவர் 3.5 கிலோவாட் என்றால் பத்து நிமிடத்துக்கு 0.58 அலகு. இரண்டு பேர் தினமும் குளித்தால் மாதம் 35 அலகு. மின்சாரப் பட்டியலில் மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு, கூடிய வீதம். அதுவரை 45 அலகில் ஓடிய வீடு 80 க்குப் போனால் பில் ஏறுவது 35 அலகுக்கு மட்டுமல்ல, முழு 80 க்கும். ஒன்றுவிட்ட நாள் குளித்தால் 17 அலகு, அப்போதும் 60 க்கு மேல் இரண்டு மூன்று நிற்கும். மீற்றரை மாத நடுவில் ஒரு தடவை பார்த்து, பழைய குண்டு பல்புகளையும் மாற்றினால் கோட்டுக்குக் கீழே நிற்கலாம்.

விறகு மலிவு, ஆனால் இருமல் உள்ளவருக்குப் புகை ஆகாது. காஸுக்கு மாறும்போது 12.5 கிலோ உருளையே மலிவு என்று எல்லோரும் அதை வாங்குகிறார்கள். நிரம்பியது உருளையோடு 25 கிலோவுக்கு மேல் வரும். லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டு) படியில் அதை ஏற்றுவது யார்? தனியே இருக்கும் முதியவர்களுக்கு 5 கிலோ உருளை கிலோக் கணக்கில் சற்றுக் கூட விழுந்தாலும் சரியானது.

சுடுதண்ணிப் பையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

கிளினிக் நாள்

வைத்தியச் செலவு என்றதும் மருந்தைத்தான் நினைக்கிறோம். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். வயதோடு ஏறுவது போய் வரும் செலவு. அறுபத்திரண்டில் ஒருவர் தனியாகப் பஸ்ஸில் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போய் வருவார். எழுபத்தைந்தில் அதே கிளினிக்குக்குத் தோட்டத்திலிருந்து டவுன் வரை ஓட்டோ, அங்கிருந்து இரண்டு பேருக்குப் பஸ், கடைச் சாப்பாடு, கூட வரும் மகளின் ஒரு நாட்சம்பளம். மருந்துச் சீட்டு மாறவே இல்லை, ஒரு கிளினிக் நாளின் விலை மாத்திரம் பல மடங்கு. சீனிக்கு ஒரு நாள், பிரஷருக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள் என்று பிரிந்திருந்தால் கிளினிக் புத்தகங்களை எல்லாம் காட்டி ஒரே நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் செய்து கொடுக்கிறார்கள்.

மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று சீட்டு எழுதினால் பொதுப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதே மாத்திரை கம்பனிப் பெயரில் பல மடங்கு விலை விற்கும். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசல இருக்கும் டவுன் என்றால் அங்கே முதலில் கேளுங்கள். மருந்தைப் பொதுப்பெயரில் மலிவாகக் கொடுக்கப் பேராசிரியர் சேனக பிபிலே எழுபதுகளின் தொடக்கத்தில் போட்ட அந்தப் பாதை இன்றைக்கும் ஏழைகளைத் தாங்குகிறது.

தள்ளிப்போடக் கூடாத மூன்று செலவுகள்: கண், பல், காது. கண்புரையைத் தள்ளிப்போட்டால் விழுவார்கள். பல் செட் பேராதனைப் பல் வைத்தியசாலையில் செய்யலாம், ஆனால் பல் பிடுங்கி முரசு ஆற இரண்டு மூன்று மாதம் விட்டுத்தான் அளவெடுப்பார்கள். அதனால் போக்குவரத்துக்குப் பல தடவைக்கான காசு வைத்துக்கொள்ளுங்கள். காதுக் கருவி விலை கூடியது. வாங்கிய பிறகும் 312 அளவு பற்றரி ஒரு வாரம், பத்து நாள்தான் நிற்கும். மலைநாட்டு ஈரத்தில் கருவி சீக்கிரம் பழுதாகும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விலகிவிடுவார். வீட்டிலுள்ளவர்கள் அதை மறதி என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

விழாமல் இருக்கச் செய்யும் செலவு மிகச் சின்னது. மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒன்றரை அங்குல ஜீஐ பைப்பில் கைப்பிடி, தரையிலிருந்து 85 முதல் 90 சென்றிமீற்றர் உயரம். பழைய லயத்துச் சுவர் கல்லும் மண்ணும். அதில் ஆணி வைத்து இறுக்கினால் உடம்புப் பாரம் விழும் அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். சுவரை விட்டு, தரையில் 30 சென்றிமீற்றர் தோண்டிக் கொங்கிரீட்டில் பைப்பை நிறுத்துங்கள். குந்தும் மலசலகூடத்துக்கு மேல் வைக்கும் கொமோட் கதிரை பாமசிகளில் கிடைக்கும்.

நடுக்கணக்கு

இழையைத் தொடங்கியவரோடு ஒரு இடத்தில் உடன்பட முடியவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுப்பதை ஆபத்து என்று எழுதுகிறீர்கள். மலையகத்தில் முதுமைக்கான காப்புறுதியே பிள்ளைதான். ஓய்வெடுத்த பிறகும் லயக் காம்பிராவில் இருக்க முடிவது வீட்டில் இன்னொருவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்வதால். பேத்தியின் படிப்புக்கும் மகளின் கல்யாணத்துக்கும் கொடுப்பது வீண் செலவு ஆகாது. வாழ்நாள் முழுக்க அதற்காகத்தான் உழைத்தார்கள். முதியவரின் ஆசை பொருளிலிருந்து உறவுக்கு மாறுகிறது என்றால், உறவுக்குச் செலவழிப்பதுதானே அந்த ஆசையை மதிப்பது?

கணக்குப்புத்தகம்

நடுக்கணக்கு சொல்வது நியாயம். முன்னால் இருக்கும் காலம் சுருங்குகிறது என்று உணரும்போது மனிதர் புதியவற்றை விட்டு நெருங்கியவர்களை நாடுகிறார்கள் என்று உளவியலாளர் லோரா கார்ஸ்டன்சன் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஆசையைக் குறைக்கச் சொல்லவில்லை. கொடுக்கும் விதம்தான் கேள்வி. மொத்தமாகக் கொடுத்தவர் அதற்குப் பிறகு கொடுக்க ஒன்றும் இல்லாதவர் ஆகிறார். வருடா வருடம் பேத்தியின் கொப்பிக்கும் ரியூஷனுக்கும் கொடுப்பவர் எண்பதிலும் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இருபது இலட்சம் கிடைத்தது என்று வைப்போம்.

கொடுப்பதற்கு மூன்றரை இலட்சம், அதற்கு மேல் கிடையாது. இந்த எல்லையைக் காசு வருவதற்கு முன்பே கணவனும் மனைவியும் பேசி வைக்க வேண்டும்.

ஐந்து இலட்சம் பராமரிப்புக்கு, எழுபத்தைந்து வயது வரை தொடாதது. ஒன்றரை இலட்சம் சேமிப்புப் புத்தகத்தில், நினைத்த நேரம் எடுக்க.

மிச்சம் பத்து இலட்சத்தை ஒரே நிலையான வைப்பாகப் போடாதீர்கள். இரண்டரை இலட்சமாக நான்கு, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி. அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் ஒன்றின் வட்டிதான் போகும்.

வட்டி 8 வீதம் என்றால் வருடம் 80,000. இதை முழுக்கச் செலவழிக்கலாம் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. விலைவாசி வருடம் 5 வீதம் ஏறினால் அந்தப் பத்து இலட்சத்தின் வாங்கும் சக்தி பதினான்கு வருடத்தில் பாதியாகும். பெறுமதியைக் காப்பாற்ற 50,000 ஐ முதலோடு சேர்த்துவிட்டு 30,000 ஐ, அதாவது மாதம் 2500 ஐத்தான் எடுக்கலாம். எழுபதைத் தாண்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முதலிலும் கை வைக்கலாம், அது பிழையில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனது. அந்த மாதிரி ஒரு வருடத்துக்கு எந்த வைப்பும் ஈடு கொடுக்காது.

வில்லியம் பெங்கன் 1994 இல் சொன்ன 4 வீத விதியைச் சிலர் இங்கே பொருத்திப் பார்க்கிறார்கள். அது அமெரிக்கப் பங்குகளும் கடன்பத்திரங்களும் கலந்த முதலீட்டுக்கு, முப்பது வருடக் காலத்துக்குப் போட்ட கணக்கு. நிலையான வைப்பு மட்டும் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது.

பிரட்டுக்களம்

வங்கி விஷயத்தில் மூன்று சேர்க்கிறேன்.

2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்றால் சுய பிரகடனப் படிவம் கொடுத்துப் பிடிக்காமல் செய்யலாம். ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன 80,000 இல் 8000 இதில் தங்கும்.

அனுமதிப்பத்திரம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசாங்க உத்தரவாதம் இருக்கிறது, போஸ்ட் ஒபிஸிலும் கணக்குத் திறக்கலாம். ஊரில் ஒருவர் நடத்தும் சீட்டு, 'ஆள் சேர்த்தால் காசு' என்கிற திட்டம் இவற்றுக்கு எந்தக் காப்பும் இல்லை. இரண்டாவது வகை பிரமிட் திட்டம், வங்கிச் சட்டத்தின் 83 சி பிரிவில் தடைசெய்யப்பட்டது. ஓய்வுக் காசு வந்த செய்தி தோட்டத்தில் பரவிய அடுத்த வாரமே இவர்கள் வாசலுக்கு வருவார்கள்.

மகனின் ஓட்டோ லீசிங்குக்குப் பிணை வைத்துக் கையெழுத்துப் போடுவது, காசு கொடுப்பதை விட மோசம். கொடுத்த காசுக்கு ஒரு எல்லை உண்டு. பிணைக்கு எல்லை, வண்டியைப் பறித்து விற்ற பிறகும் மிஞ்சும் கடன். உதவ வேண்டுமென்றால் முற்பணத்தில் ஒரு தொகையைக் கொடுத்து அதோடு நில்லுங்கள்.

பென்சன் மாஸ்டர்

ஆசிரியர், தபால், வைத்தியசாலை என்று அரசாங்க வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. மாதாமாதம் வருவதால் காசு முடிந்துபோகும் பயமில்லை. அவர்களை விழுத்துவது பென்சன் கடன். வங்கி சுலபமாகக் கொடுக்கும், தவணை பென்சனிலேயே கழியும். அறுபத்தொன்றில் மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுத்த கடன், ஓட்டோவும் துணையாளும் தேவைப்படும் வயதிலும் கழிந்துகொண்டிருக்கும். எழுபதுக்குள் முடியாத தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வருடா வருடம் உயிர்ச் சான்றிதழ் கொடுக்க மறந்தாலும் பென்சன் நிற்கும்.

சொந்தக் காணி உள்ளவர்களுக்கு ஒன்று. வீட்டைப் பிள்ளைக்கு எழுதும்போது உறுதியில் சீவிய உருத்தை (சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையை) வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியைப் பெரும் நன்றிகெட்ட தன்மை என்ற காரணத்துக்காக ரத்துச் செய்ய நீதிமன்றம்தான் போக வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு முதியோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் எத்தனை தாய்மார் மகனுக்கு எதிராகப் படிவம் நிரப்புவார்கள்?

கேத்தல்

எல்லோரும் காசைக் காப்பாற்றுவதையே எழுதுகிறீர்கள். செலவழிக்க வேண்டிய வயதில் செலவழிப்பதையும் சொல்ல வேண்டும்.

நடக்கக்கூடிய வருடங்கள் குறைவு. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை. ஆயிரக்கணக்கான படி, நல்லதண்ணிப் பக்கமாக ஏற நினைப்பவர் முழங்கால் இருக்கும்போது ஏறட்டும். கதிர்காமம், முன்னேஸ்வரம், நல்லூர் எழுபது வரை சுலபம். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அண்ணன் தங்கைமார் நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வருவது பலருடைய ஒரே பெரிய ஆசை. அதை எழுபத்தெட்டுக்குத் தள்ளிப்போட்டால் காசு இருக்கும், இடுப்பு இருக்காது. போய்ப் பார்க்க வேண்டியவரும் இருக்க மாட்டார். வீட்டுக்குப் புது செட்டி (சோபா) வாங்கும் காசில் இந்தப் பயணம் அடங்கும். செட்டி ஆசை இரண்டு வருடத்தில் போய்விடும்.

காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, பருவக்காற்று மாதங்களில் நிற்கும். நாள் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். கடவுச்சீட்டுக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், பிரட்டுக்களம் அண்ணன் சொன்ன பெயர்ச் சிக்கல் இங்கேயும் வரும். சேமலாப நிதிக்காகத் திருத்தும்போதே இதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

நடுக்கணக்கு

கணக்குப்புத்தகத்தின் பிரிப்பை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தனக்குச் செத்த வீட்டுக்கென்று ஒரு தொகை ஒதுக்குவது நம் முதியவர்களின் உறுதியான ஆசை. யாருக்கும் பாரமாகக் கூடாது என்பார்கள். பலர் அதைப் பெட்டியில் நோட்டாகவே வைத்திருக்கிறார்கள். 2022 இல் அந்த நோட்டுகளின் பெறுமதி எவ்வளவு கரைந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதை எங்கே வைப்பது?

கணக்குப்புத்தகம்

தோட்டத்து மரண உதவிச் சங்கச் சந்தாவை விடாமல் கட்டுங்கள், பந்தல், பெட்டிச் செலவில் ஒரு பகுதி அதில் வரும். மிச்சத்தை நான்கு வைப்புகளில் ஒன்றாக வைக்கலாம், ஆனால் ஒரே ஆளின் பெயரில் வேண்டாம். தனிப் பெயரில் இருந்தால் அவர் இறந்த அன்று கணக்கு முடங்கும், அந்தக் காசு எந்தக் காரியத்துக்கென்று வைத்தாரோ அதற்குக் கிடைக்காது. கணவன் மனைவி இருவர் பெயரில், 'இருவரில் எவரும் எடுக்கலாம்' என்ற நிபந்தனையோடு திறக்க வேண்டும். துணை இல்லாதவர், தனக்குப் பிறகு காசு யாருக்கு என்று எழுதும் நொமினி படிவம் நிரப்ப வேண்டும். அதை வங்கியே நினைவூட்டும் என்று எதிர்பார்க்காமல் கேட்டு வாங்கி, நிரப்பிய பிரதியில் முத்திரை வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சேமலாப நிதிக்கு வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஏபிஎச் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு எழுதிய தாய் தகப்பன் பெயரே இன்னும் நிறையப் பேருக்குக் கிடக்கிறது. அதை மாற்றத் தொழில் காரியாலயத்துக்குப் போகும்போது அடையாள அட்டையும் பி அட்டையும் திருமணச் சான்றிதழும் மூலப் பிரதியாகவே கையில் இருக்கட்டும்.